கணித்த வானும் கண்ட வானும்

முன்னுரை

அறிவு வரும் வாயில்களை நம் அளவை நூலார் காண்டல், கருதல், உரை என மூன்றாகப் பகுத்துரைப்பர். கண்ணாற் கண்டு அறிவது காண்டல். கண்டதைக் கொண்டு காணாததை உய்த்துணர்வது கருதல். நம்பத்தக்கோர் சொல்லக் கேட்டும் எழுதியதைப் படித்தும் கொள்வது உரை. இம்மூன்றும் தம்முள் முரணுமிடத்து எதனைக் கொள்வது, எதனைத் தள்ளுவது என்பது தருக்க நூலுக்கு மட்டுமே உரிய வினா அன்று. இன்றைய வானியல் அன்றாடம் எதிர்கொள்ளும் வினாவும் அதுவேயாகும்.

அறிவியல் தமிழ்ப் பாடம் நடத்துகையில் ஒருநாள், சுருள் வடிவ விண்மீன் திரள் ஒன்றின் வண்ணப் படத்தை வகுப்பிற் காட்டி, தொலைநோக்கியின் திறத்தை வியந்து பேசினேன். வகுப்பு முடிந்ததும் மாணவர் ஒருவர் அப்படத்தை வாங்கிப் பார்த்தார். அதன் அடியில் பொடி எழுத்தில் இருந்த குறிப்பைச் சுட்டிக்காட்டி, "ஐயா, இது கண்டதா, கணித்ததா?" என்று வினவினார். அது கணினியில் உருவாக்கப்பட்ட படம். எந்தத் தொலைநோக்கியும் அதனை எடுக்கவில்லை. அப்படத்தில் உள்ள திரள் வானத்தில் எங்கும் இல்லை. குறிப்பைப் படியாமல் பேசியதற்கு நான் நாணினேன் எனினும், அவ்வினா என்னை விட்டு அகலவில்லை. கணினி படைத்த வானும் தொலைநோக்கி காட்டும் வானும் இத்துணை ஒத்திருப்பது எவ்வாறு? அந்த ஒப்புமையை எந்த அளவுக்கு நம்பலாம்? இயற்பியல் துறை நண்பர்களிடம் கேட்டும் நூல்களிற் படித்தும் நான் அறிந்தவற்றை மாணவர்க்கும் சான்றோர்க்கும் தொகுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஒரு முன்னோடி

நூலிற் கண்ட வானையும் கண்ணிற் கண்ட வானையும் பக்கத்திற் பக்கம் வைத்து ஒப்பிட்டவர்களுள் தலைசிறந்தவர் பாரசீக வானியலார் அப்துர் ரஹ்மான் அஸ்ஸூஃபி ஆவார். கி.பி. 903இல் ரய் நகரிற் பிறந்து இஸ்பஹானில் வானாய்வு செய்த இவர், கி.பி. 964இல் 'நிலைத்த விண்மீன்களின் நூல்' எனப் பொருள்படும் அரபு நூலை இயற்றினார். அவருக்கு எண்ணூறு ஆண்டுகள் முன்பு அலெக்சாந்திரியாவில் வாழ்ந்த தாலமி, ஆயிரத்துக்கும் மேற்பட்ட விண்மீன்களின் இடத்தையும் ஒளியளவையும் பட்டியலிட்டிருந்தார். அப்பட்டியலைப் படியெடுத்தோர் பலர். அதனைக் கையில் ஏந்தி இரவில் வெளியே சென்று வானத்தோடு ஒப்பிட்டோர் சிலரே. ஏடுகளையும் வான உருண்டைகளையும் மட்டுமே நம்பி எழுதியோரை அஸ்ஸூஃபி தம் முன்னுரையிற் கடிந்துரைத்துள்ளார். விண்மீன்களின் ஒளியளவைத் தாமே கண்டு மதிப்பிட்டு, தாலமியோடு வேறுபட்ட இடங்களைக் குறித்தார். ஆண்ட்ரோமெடா உடுக்குழுவின் அருகே சிறு மேகத் துணுக்குப் போன்ற ஒன்றையும் பதிவு செய்தார். நம் பால்வெளி மண்டலத்துக்கு அப்பாலுள்ள பெரிய விண்மீன் திரளொன்றைப் பற்றி நமக்குக் கிடைத்துள்ள மிகப் பழைய எழுத்துச் சான்று இதுவேயாகும்.

இங்கே மற்றொரு செய்தியையும் மறைத்தல் கூடாது. விண்மீன்களின் இடத்தை அஸ்ஸூஃபி புதிதாக அளக்கவில்லை. தாலமியின் நெட்டாங்குகளோடு 12 பாகை 42 கலை என்னும் ஒரே அளவைக் கூட்டித் தம் காலத்துக்குப் பொருத்திக் கொண்டார். அவ்வாறு கூட்டியதைத் தம் நூலிலேயே எழுதியும் வைத்தார். ஒளியளவு தாம் கண்டது. இடம் தாம் பெற்றுத் திருத்தியது. எது காண்டல், எது உரையின் வழி வந்த கருதல் என்பது அவர் நூலைப் படிப்போர்க்குத் தெளிவாகத் தெரியும். அவருடைய பெருமைகளுள் இத்தெளிவையே முதன்மையானதாக யான் கருதுவேன். அதன் காரணம் இக்கட்டுரையின் பிற்பகுதியில் விளங்கும்.

கணினி எதற்கு?

அந்தச் சிறு மேகம் எத்தொலைவில் உள்ளது என்பது நெடுங்காலம் அறியப்படாதிருந்தது. 1923இல் அமெரிக்காவின் மவுண்ட் வில்சன் வானாய்வகத்தில் 100 அங்குலத் தொலைநோக்கியைக் கொண்டு எட்வின் ஹபிள் அம்மேகத்தினுள் ஒளி ஏறி இறங்கும் விண்மீன் ஒன்றைக் கண்டார். அதன் வழியே தொலைவு கணிக்கப்பட்டது. 1925இன் தொடக்கத்தில் அம்முடிவு வெளியானபோது, ஆண்ட்ரோமெடா மேகம் நம் மண்டலத்துக்கு வெளியே தனித்து நிற்கும் பெருந்திரள் என்பது உறுதியாயிற்று. ஹபிள் கணித்த தொலைவு ஏறத்தாழ 9 இலட்சம் ஒளியாண்டு. அத்தகைய விண்மீன்களில் இருவகை உண்டு என்பதை 1952இல் வால்டர் பாடே எடுத்துக்காட்டியபின் அத்தொலைவு இரு மடங்கிற்கும் மேலாயிற்று. இன்று கொள்ளப்படும் அளவு 25 இலட்சம் ஒளியாண்டு. கண்டு சொன்னதும் திருத்தத்துக்கு உரியதே என்பதற்கு இது ஒரு சான்று.

விண்மீன் திரள்களைச் சுருள் வடிவின, நீள்வட்ட வடிவின என்றெல்லாம் ஹபிள் வகைப்படுத்தினார். அவ்வடிவங்கள் எவ்வாறு தோன்றின என்பதைத் தொலைநோக்கியால் மட்டும் சொல்ல இயலாது. ஒரு திரள் தன் அச்சை ஒருமுறை சுற்றிவரப் பல கோடி ஆண்டுகள் ஆகும். நம் வாழ்நாள் அதன் கண்ணிமைப்பொழுதுக்கும் ஈடாகாது. அறியாத ஊர் ஒன்றில் ஒரு நொடி மட்டும் நின்று திரும்பும் வழிப்போக்கன், மழலையையும் இளைஞனையும் முதியவனையும் ஒருங்கே காண்கிறான். ஆயினும் ஒருவரும் வளர்வதை அவன் கண்டதில்லை. மழலையே முதியவன் ஆகிறான் என்பதை அவன் கருதித்தான் அறிய வேண்டும். வானியலாரின் நிலையும் இதுவே. அவர்க்குள்ள ஒரே துணை, தொலைவில் உள்ளதன் ஒளி நெடுங்காலத்துக்கு முன் புறப்பட்டது என்பதாகும். தொலைவாகப் பார்க்கப் பார்க்க, பேரண்டத்தின் இளமையைக் காணலாம். எனினும் அப்பொழுதும் காண்பது வேறொரு திரளின் இளமையையே. இவ்விடைவெளியை நிரப்ப, இயற்கையின் விதிகளைக் கணினிக்கு ஊட்டி, தொடக்கத்திலிருந்து இன்றுவரை ஓட்டிப் பார்க்கும் ஒத்திகை தேவையாயிற்று. அதனையே இங்குக் கணினி மாதிரி என்கிறோம்.

விளக்குகளில் தொடங்கிய ஒத்திகை

முதல் ஒத்திகை கணினியின்றியே நடந்தது. 1941இல் சுவீடன் நாட்டு வானியலார் எரிக் ஹோம்பெர்க் 74 மின்விளக்குகளை எடுத்துக் கொண்டார். முப்பத்தேழு விளக்குகள் ஒரு திரள்; எஞ்சிய முப்பத்தேழும் மற்றொரு திரள். விளக்கின் ஒளி தொலைவின் இருமடிக்கு ஏற்பக் குறைகிறது. ஈர்ப்பு விசையும் அவ்வாறே குறைகிறது. ஆகவே ஓரிடத்தில் விழும் ஒளியை ஒளிமின்கலத்தால் அளந்தால் அங்குள்ள ஈர்ப்பை அளந்ததாகும். ஒவ்வொரு விளக்கின் இடத்திலும் இவ்வாறு அளந்து, ஒவ்வொன்றையும் கையால் நகர்த்தி, மீண்டும் அளந்து, இரு திரள்கள் ஒன்றையொன்று கடக்கும்போது நிகழ்வதை அவர் படிப்படியாக வரைந்தார். அவற்றின் உருவம் குலைந்து கரங்கள் நீள்வதைக் கண்டார். ஈர்ப்பைக் காண ஒளியை உவமையாக்கிய இந்நுண்மை இலக்கியம் பயில்வோர் உள்ளத்தையும் கவர வல்லது.

1972இல் ஆலர் தூம்ரே, யூரி தூம்ரே என்னும் உடன்பிறந்தோர் இதனைக் கணினியிற் செய்தனர். வானில் சில திரள் இணைகளுக்கு நீண்ட வால்கள் உண்டு. பூச்சியின் உணர்கொம்புகளைப் போல் இரு வால்கள் நீண்ட 'ஆண்டெனா' இணை அவற்றுட் புகழ்பெற்றது. இத்துணை மெலிந்து நீண்ட வால்களை வெறும் ஈர்ப்பு உருவாக்க இயலாது என்றும், காந்தப்புலம் போன்ற வேறு காரணம் வேண்டும் என்றும் கருதியோர் இருந்தனர். கடலில் ஏற்றவற்றத்தை உண்டாக்கும் அதே ஈர்ப்பு வேறுபாடே போதும் என்பதைச் சில நூறு புள்ளிகளுக்குள் அடங்கிய கணக்கால் தூம்ரே உடன்பிறந்தோர் காட்டினர். கணினி வரைந்த படமும் தொலைநோக்கி எடுத்த படமும் வால் முதல் வளைவு வரை ஒத்தன.

எனினும் அம்மாதிரியில் வளிமம் இல்லை. புதிய விண்மீன் பிறப்பும் இல்லை. 1997இல் ஹபிள் விண்வெளித் தொலைநோக்கியின் படங்கள் வெளிவந்தபோது, அவ்விணை மோதுமிடத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட இளம் விண்மீன் கொத்துகள் ஒளிர்வதைக் கண்டனர். வடிவம் ஒத்துவிட்டால் உள்ளடக்கமும் ஒத்துவிட்டது என்று கொள்ளலாகாது என்பதை இது உணர்த்தும்.

ஒரு கொள்கை வீழ்ந்த வரலாறு

கண்ணுக்குத் தெரியும் பொருளைக் காட்டிலும் தெரியாத பொருளே பேரண்டத்தில் மிகுதி என்னும் கருத்து 1933இல் ஃபிரிட்ஸ் சுவிக்கியால் முன்வைக்கப்பட்டது. 1970இல் வேரா ரூபினும் கென்ட் ஃபோர்டும் ஆண்ட்ரோமெடாத் திரளின் வெளிப்பகுதி எதிர்பார்த்ததைவிட விரைந்து சுழல்வதை அளந்தனர். இத்தகைய அளவைகள் பெருகப் பெருக, அக்கருத்து வலுப்பெற்றது. அப்பொருளுக்கு இருள் பொருள் என்று பெயர். அது யாது என்பதில் ஒரு சாரார், நியூட்ரினோ என்னும் நுண்துகளே அது என்றனர்.

இதனைச் சோதிக்க வாய்ப்பு ஒன்று வந்தது. ஏறத்தாழ 2400 விண்மீன் திரள்களின் தொலைவை அளந்த ஹார்வர்டு-ஸ்மித்சோனியன் மையத்தின் கணக்கெடுப்பு 1982இல் நிறைவுற்றது. 1983இல் சைமன் ஒயிட், கார்லோஸ் ஃப்ரெங்க், மார்க் டேவிஸ் ஆகிய மூவரும் நியூட்ரினோ நிறைந்த பேரண்டத்தைக் கணினியில் ஓட்டிப் பார்த்தனர். அவ்வாறு விளைந்த வானம், கணக்கெடுப்பிற் கண்ட வானத்தைவிட மிகப் பெரிய கட்டிகளாகத் திரண்டு நின்றது. இரண்டும் ஒவ்வவில்லை. மாதிரியை எவ்வளவு திருத்தினும் பொருந்தாமையால், அக்கொள்கை கைவிடப்பட்டது. 1985இல் அம்மூவரும் ஜார்ஜ் எஃப்ஸ்தாத்தியூவும் சேர்ந்து, மெல்ல நகரும் 'குளிர்ந்த இருள் பொருள்' என்னும் மாற்றுக் கொள்கையை 32,768 துகள்களைக் கொண்டு சோதித்தனர். அது வானத்தோடு நெருங்கி வந்தது. இன்றைய மாதிரிகள் யாவும் அந்த அடித்தளத்தின் மீதே எழுந்துள்ளன.

இருபது ஆண்டுகளில் அளவு பெருகியது. 2005இல் செருமனியின் கார்சிங் நகரில் நடத்தப்பட்ட 'மில்லெனியம்' ஒத்திகையில் 1000 கோடி துகள்கள் இருந்தன. அது கணித்த வெளியின் ஒரு பக்கமே 200 கோடி ஒளியாண்டுக்கும் மிகுதி. ஆனால் அதில் ஓடியது இருள் பொருள் மட்டுமே. ஒளிரும் விண்மீன்களைப் பின்னர்த் தனிக் கணக்கால் அதன்மேற் சேர்த்தனர்.

குடிக்கணக்கு ஒப்பீடு

ஒப்பீடு என்றதும் கணினியிலுள்ள ஒரு திரளை வானிலுள்ள ஒரு திரளோடு இணைத்துப் பார்ப்பது என்று எண்ணுதல் கூடும். ஆண்டெனா போன்ற சில இணைகளுக்கு அது பொருந்தும். பேரண்டம் முழுவதற்கும் அவ்வாறு செய்தல் இயலாது. ஒரு நாட்டைப் பற்றிய கணிப்பு சரியா என அறிய, அங்குள்ள ஒவ்வொரு மனிதரையும் தேட வேண்டுவதில்லை. சிற்றூர்கள் எத்தனை, நகரங்கள் எத்தனை, மாநகரங்கள் எத்தனை என்ற குடிக்கணக்கு ஒத்திருத்தல் வேண்டும். அவ்வாறே சிறு திரள்கள் எத்தனை, நடுத்தரமானவை எத்தனை, பெரியவை எத்தனை என்று எண்ணி, இருபுறப் பட்டியல்களையும் ஒப்பிடுவர். 2000ஆம் ஆண்டு நியூ மெக்சிகோவில் தொடங்கிய ஸ்லோன் வான் கணக்கெடுப்பு இதற்குப் பெருந்துணையாயிற்று.

இக்கணக்கில் ஒரு சிக்கல் எழுந்தது. இருள் பொருள் எவ்வளவோ அவ்வளவுக்கு ஏற்ப விண்மீன்கள் பிறந்திருக்கும் என்று கொண்டால், வானில் உள்ளதைவிடச் சிறு திரள்களும் மிகப்பெரும் திரள்களும் கணினியில் மிகுதியாகத் தோன்றின. இயற்கை இரு முனையிலும் விண்மீன் பிறப்பைத் தடுக்கிறது என்பது இதனாற் புலப்பட்டது. சிறு திரள்களில், மாண்டு வெடிக்கும் பெரிய விண்மீன்கள் வளிமத்தை வெளியே தள்ளிவிடுகின்றன. பெருந்திரள்களில், நடுவிலுள்ள கருந்துளை வெளியிடும் ஆற்றல் வளிமத்தைக் குளிரவிடாமற் காக்கிறது. அடுப்பில் விறகு இருந்தும் நீர் தெளித்தால் தீ எரியாதது போல, வளிமம் இருந்தும் விண்மீன் பிறவாது நிற்கிறது.

இவ்விளைவுகளைச் சேர்த்து 2014இல் 'இல்லஸ்ட்ரிஸ்', 2015இல் 'ஈகிள்' ஆகிய பேரொத்திகைகள் வெளிவந்தன. இங்கேதான் நாம் விழிப்பாக இருத்தல் வேண்டும். ஈகிள் ஒத்திகையில் வளிமத்தின் ஒரு துகள், கதிரவனைப் போல் ஏறத்தாழ 18 இலட்சம் மடங்கு நிறையுடையது. அதனினும் சிறிதான ஒரு தனி விண்மீனின் வெடிப்பை அது காட்டவே இயலாது. எனவே வெடிப்பின் வலிமையையும் கருந்துளையின் ஆற்றலையும் விதிகளாக வகுத்து, அவ்விதிகளில் உள்ள எண்களை வானத்தைப் பார்த்தே தேர்ந்தெடுத்தனர். அருகிலுள்ள திரள்களின் குடிக்கணக்கும் அவற்றின் உருவளவும் பொருந்துமாறு எண்கள் திருத்தப்பட்டன.

வினாத்தாளை முன்கூட்டியே கண்ட மாணவர் அவ்வினாக்களுக்குச் சரியாக விடையெழுதுவதில் வியப்பில்லை. அவருடைய புலமையை அளக்க, அவர் காணாத வினாவைக் கேட்க வேண்டும். குடிக்கணக்கில் ஈகிள் ஒத்திருப்பது அதன் வெற்றி என்று சொல்லலாகாது; அது ஊட்டப்பட்ட விடை. ஊட்டப்படாத வினாக்களாகிய திரள்களின் நிறம், விண்மீன் பிறப்பின் வேகம், முற்காலத்து வளர்ச்சி ஆகியவற்றில் அது எவ்வளவு ஒத்துள்ளது என்பதே உண்மையான தேர்வு. அதில் பலவற்றில் நன்றாகவும் சிலவற்றில் குறைவாகவும் அது தேறியது. எந்த எண்ணை எதற்காகத் திருத்தினோம் என்பதை அவ்வொத்திகையை ஆக்கியோர் வெளிப்படையாக எழுதியுள்ளனர். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் 12 பாகை 42 கலையை மறைக்காமல் எழுதிய அஸ்ஸூஃபியின் நேர்மையும் இதுவே.

இல்லஸ்ட்ரிஸின் வரலாறும் படிப்பினை நிறைந்தது. அதன் கருந்துளை விதி அளவுக்கு மீறி வலிமையாக இருந்தமையால், திரள் கூட்டங்களிலிருந்து வளிமம் வானிற் காண்பதைவிட மிகுதியாக வெளியேறிவிட்டது. சிறிய திரள்கள் உண்மையைவிட ஏறத்தாழ இருமடங்கு அகன்று தோன்றின. இக்குறைகளை அக்குழுவினர் தாமே பட்டியலிட்டு, விதிகளை மாற்றி அமைத்து, 'இல்லஸ்ட்ரிஸ் டிஎன்ஜி' என்னும் அடுத்த ஒத்திகையை 2018 முதல் வெளியிட்டனர். பொருந்திய இடங்கள் பாராட்டைத் தந்தன. பொருந்தாத இடங்களே அடுத்த ஒத்திகையைத் தந்தன.

ஒத்த கண்ணாடி வழியே பார்த்தல்

மாதிரியில் உள்ளது நிறை. தொலைநோக்கிக்கு வருவது ஒளி. நெல்லின் எடையையும் சோற்றின் மணத்தையும் நேரே ஒப்பிட முடியாதது போல இவ்விரண்டையும் நேரே ஒப்பிட முடியாது. ஆகவே மாதிரியிலுள்ள விண்மீன்கள் எவ்வொளி தரும், இடையிலுள்ள தூசு அதில் எவ்வளவை மறைக்கும், தொலைநோக்கியின் மங்கலும் வானத்தின் பின்னொளியும் அதனை எவ்வாறு கெடுக்கும் என்றெல்லாம் கணித்து, மாதிரியிலிருந்தே ஒரு போலிப் படம் எடுப்பர். தெளிவான மாதிரியை வேண்டுமென்றே மங்கலாக்கிய பிறகே ஒப்பீடு முறையாகும். என் வகுப்பிற்கு வந்த படம் அத்தகைய ஒளிக்கணக்கால் உருவானதே. அது உண்மை போலத் தோன்றுவதில் வியப்பில்லை. அவ்வாறு தோன்றுவதற்கே அது ஆக்கப்பட்டது.

இதில் பொதுமக்களும் பங்கு கொண்டனர் என்பது மாணவர்க்கு ஊக்கம் தரும் செய்தி. 2007இல் தொடங்கிய 'கேலக்ஸி ஜூ' என்னும் திட்டத்தில், ஸ்லோன் கணக்கெடுப்பின் ஏறத்தாழ 9 இலட்சம் திரள்களின் படங்களை ஆர்வலர்கள் கண்ணாற் பார்த்து வகைப்படுத்தினர். அதே ஆண்டில், நெதர்லாந்து நாட்டுப் பள்ளி ஆசிரியை ஹான்னி வான் ஆர்க்கல், வானியலார் எவரும் கவனியாத விந்தையான ஒளிமேகம் ஒன்றை அப்படங்களுள் கண்டு சொன்னார். பின்னர் இல்லஸ்ட்ரிஸின் போலிப் படங்களையும் இவ்வார்வலர்களிடம் தந்து வகைப்படுத்தச் செய்தனர். 2018இல் வெளியான முடிவு வியப்பானது. மிகப் பெரிய திரள்களில் இருபுறமும் ஏறக்குறைய ஒத்தன. அதனினும் சிறியவற்றில், வட்டும் கரங்களும் தெரியும் திரள்கள் கணினி வானில் மிகுதியாக இருந்தன. பெரிதும் மாதிரியின் நுட்பக் குறைவே இதற்குக் காரணமாகலாம் என்று ஆய்வாளர் கருதினர். எண்கள் ஒத்திருந்த இடத்திலும் கண் வேறுபாட்டைக் கண்டுபிடித்தது.

பிழை எப்பக்கம்?

பழஞ்சுவடிகளைப் பதிப்பிப்போர் நன்கு அறிந்த ஓர் இடர்ப்பாடு உண்டு. இரு ஏடுகளில் பாடம் வேறுபட்டால், தம் கையில் உள்ள ஏடே சரியானது என்று துணிதல் கூடாது. மாதிரியும் வானமும் வேறுபடும்போதும் அவ்வாறே. காண்டல் உயர்ந்தது, கருதல் தாழ்ந்தது என்ற விதி எல்லா இடத்தும் செல்லாது.

1999இல் இரு ஆய்வுக் குழுக்கள் ஒரு முரணை வெளியிட்டன. பால்வெளி மண்டலம் போன்ற ஒன்றைச் சுற்றிப் பல நூறு சிறு துணைக்கட்டிகள் இருக்க வேண்டும் என்று மாதிரி கூறியது. அன்று அறியப்பட்டிருந்த துணைத் திரள்களோ பதினொன்றே. குளிர்ந்த இருள் பொருட் கொள்கையே வீழ்ந்தது என்று சிலர் எண்ணினர். பின்னர் நிகழ்ந்தது வேறு. 2005 முதல் ஸ்லோன் கணக்கெடுப்பில், முன்பு கண்ணில் படாத மிக மங்கலான துணைத் திரள்கள் ஒன்றன்பின் ஒன்றாக வெளிப்பட்டன. இன்று அவற்றின் தொகை ஐம்பதைக் கடந்துவிட்டது. மறுபுறம், மிகச் சிறு கட்டிகளில் வளிமம் சூடேறி நீங்கிவிட்டதால் விண்மீன்களே பிறவாது அவை இருண்டு கிடக்கும் என்பதை மாதிரியாளர் கணித்தனர். கண்டவர் பக்கமும் குறை இருந்தது. கணித்தவர் பக்கமும் குறை இருந்தது. இருவரும் தத்தம் குறையைத் தேடியதால் முரண் பெரிதும் தணிந்தது.

அண்மைக் காலத்தில் இவ்வினா மீண்டும் கூர்மையடைந்தது. 2021 திசம்பர் 25 அன்று ஏவப்பட்ட ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைநோக்கியின் முதற் படங்கள் 2022 சூலையில் வெளிவந்தன. பேரண்டம் தோன்றி 1380 கோடி ஆண்டுகள் ஆகின்றன. அதன் தொடக்க நாள்களில், மாதிரிகள் எதிர்பார்த்ததைவிட ஒளிமிக்க திரள்கள் பல இருப்பதாகச் செய்திகள் பரவின. அவற்றுள் ஒன்று, பேரண்டம் தோன்றி ஏறத்தாழ 24 கோடி ஆண்டுகளே ஆன காலத்தது என்று அதன் நிறத்தைக் கொண்டு மதிப்பிடப்பட்டது. 2023இல் அதன் ஒளியை நிறமாலையாகப் பிரித்து ஆய்ந்தபோது, அது ஏறத்தாழ 120 கோடி ஆண்டுகள் ஆன பிற்காலத்தது என்பது தெரிந்தது. தூசும் வளிமத்தின் வலிய ஒளிக்கோடுகளும் அதன் நிறத்தை மாற்றிக் காட்டிவிட்டன. இங்குப் பிழை கண்ட பக்கத்தில் இருந்தது.

ஆனால் எல்லாவற்றையும் அவ்வாறு தள்ளிவிட இயலாது. 2024இல் அறிவிக்கப்பட்ட மற்றொரு திரள், நிறமாலையாலேயே உறுதி செய்யப்பட்டது. பேரண்டம் தோன்றி ஏறத்தாழ 30 கோடி ஆண்டுகளே ஆன அக்காலத்திலேயே அது பெரும்பாலான மாதிரிகள் கணித்ததைவிட ஒளியுடன் விளங்குகிறது. 2025இல் அதில் உயிர்வளி இருப்பதும் அறியப்பட்டது. உயிர்வளி உண்டாக விண்மீன்கள் பிறந்து மாண்டிருக்க வேண்டும். எனவே அங்கு ஒரு தலைமுறை ஏற்கெனவே வாழ்ந்து முடிந்துவிட்டது. தொடக்கக் காலத்தில் விண்மீன்கள் விரைந்து பிறந்தனவா, பொங்கிப் பொங்கிப் பிறந்தனவா, தூசு குறைவாக இருந்ததா என்பன போன்ற விளக்கங்கள் ஆராயப்பட்டு வருகின்றன. இங்குத் திருத்தம் மாதிரியில் வேண்டப்படுகிறது.

மீண்டும் அந்தச் சிறு மேகம்

அஸ்ஸூஃபி கண்ட மேகத்துக்கே இறுதியில் திரும்புவோம். ஆண்ட்ரோமெடாத் திரள் நம்மை நோக்கி வருகிறது. ஹபிள் தொலைநோக்கியின் அளவைகளைக் கொண்டு, அது ஏறத்தாழ 400 கோடி ஆண்டுகளில் நம் பால்வெளி மண்டலத்தோடு மோதும் என்று 2012இல் அறிவிக்கப்பட்டது. நூல்கள் பலவற்றில் அது உறுதியான செய்தியாகவே ஏறிவிட்டது. 2025இல் வெளியான ஆய்வொன்று அதனை மீண்டும் கணித்தது. அருகிலுள்ள பெரிய மெகல்லன் மேகம் முதலிய திரள்களின் ஈர்ப்பையும் சேர்த்து, அளவைகளில் உள்ள ஐயப்பாடு முழுவதற்கும் இடமளித்து, ஓர் இலட்சம் முறை ஓட்டிப் பார்த்தனர். அடுத்த 1000 கோடி ஆண்டுகளுக்குள் மோதும் வாய்ப்பு ஏறத்தாழப் பாதிதான் என்பது அதன் முடிவு. புதிய ஆய்வு அறியாமையை மிகுவித்ததாகச் சிலர்க்குத் தோன்றலாம். உண்மையில், அளவையின் எல்லை எதுவோ அதுவரை மட்டுமே பேசியது அதன் சிறப்பு. உறுதியாகச் சொன்னதைவிட, அறிந்த அளவுக்கு மட்டும் சொன்னதே பெரிய முன்னேற்றமாகும்.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால், ஒரு மாதிரியை வானத்தோடு ஒப்பிடுவார் மூன்று வினாக்களைத் தமக்குள் கேட்டுக்கொள்ள வேண்டும் என்பது பெறப்படும். நம் முன் உள்ளது கண்டதா, கணித்ததா? ஒத்திருக்குமாயின், அவ்வொப்புமை தானே விளைந்ததா, முன்பே ஊட்டப்பட்டதா? முரண்படுமாயின், பிழை எப்பக்கம்? இம்மூன்றும் வானியலுக்கு மட்டும் உரியன அல்ல. மேற்கோளைத் தம் கருத்தாக எழுதுவதும், முடிவை முதலில் வைத்துக்கொண்டு சான்றுகளைப் பின்னர்த் தேடுவதும், முரணான சான்றை மறைப்பதும் எந்தத் துறை ஆய்வையும் கெடுக்கும். தமிழாய்வு அதற்கு விலக்கன்று.

வினவிய மாணவரிடம் மறுநாள் வகுப்பிலேயே, "நான் காட்டியது கணித்தது, கண்டது என்று சொன்னது என் பிழை" என்று கூறினேன். அன்றைய பாடம் அதிலிருந்தே தொடங்கியது. கார்த்திகை, மார்கழித் திங்கள்களில் மழை ஓய்ந்து முகில் விலகிய நிலவற்ற இரவில், ஊர் விளக்குகளுக்கு அப்பாற் சென்று முன்னிரவில் வடக்கு வானை நோக்குவோர், பயிற்சி இருந்தால் அச்சிறு மேகத்தை வெறுங்கண்ணாலேயே காணலாம். மங்கலாகத்தான் தெரியும், வண்ணம் இராது, சுருள் கரங்களும் தெரியா. நம் கண்ணை அடையும் அவ்வொளி 25 இலட்சம் ஆண்டுகள் பயணம் செய்து வந்தது. மாணவர்கள் ஒருமுறையேனும் அதனைத் தம் கண்ணாற் கண்டுவிட்டு, அதன்பின் படங்களைப் பார்ப்பாராக.